மூன்றாவது மூட்டு

சனி ராத்திரி பன் சுட்ட சூடு
செங்கல்லை விட்டுப் போக
ஞாயிறு மத்தியானம் ஆகிவிடும்.
அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள் மெஹ்ராஜ்,
கையில் குழந்தையின் வெள்ளைச் சட்டை.
தோளில் ஒரு சொட்டு.
கறுப்பு இல்லை, பாகு முறுகித் தீய்ந்த நிறம்.
"மூணு வாட்டி தொவைச்சேன், போவல.
ஒன் பைப்பு அழுவுது நாதமுனிண்ணா."

அவள் துணிக்கொடி
என் புகைக்குழாயை உரசிக்கொண்டு போகிறது.
தண்டையார்பேட்டையில்
எதுதான் எதையும் உரசாமல் போகிறது.

முதலில் விறகைச் சொன்னேன்.
சவுக்கைக் காயவிடாமல்
ஈரத்தையும் எடையில் சேர்த்து விற்கிறான் டிப்போக்காரன்.
பிறகு கடற்காற்றை,
அது தின்ற தகரத்தை.
கடைசியில் மணலிப் பக்கம் கை நீட்டினேன்:
அங்கே ராப்பகலாய் வானத்தில் எரியுதே,
அதை ஒருத்தரும் கேட்கக் காணோம்.
"அது என் கொடிமேலயா இருக்கு?"
சட்டையை அவள் மடிக்கவே இல்லை.

ஏணி போட்டேன்.
நாலு துண்டுக் குழாய், மூன்று மூட்டு.
ஒவ்வொன்றிலும் மேல் துண்டு கீழ்த் துண்டுக்குத்
தொப்பி கவிழ்த்த மாதிரி.
மழை வந்தால் வெளியே வழுக்கி ஓடட்டும் என்று
புயல் வந்த வருஷம்
நானே மாட்டியது.

புகை மேலே போய்விடும்,
அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டாம்.
ஆனால் போனதில் ஒரு பங்கு
பாதியில் குளிர்ந்து, பிசினாகி,
உள்சுவரைப் பிடித்தபடி
வந்த வழியே இறங்குகிறது.
அடுப்புக்குத் திரும்பத்தான் பார்க்கிறது.
நான் வைத்த விளிம்பில் சந்து தெரிய
வெளியே வந்து
ஒரு சின்னத் தோளில் உட்கார்ந்துகொள்கிறது.

வானத்துக்குப் பயந்து மாட்டியிருக்கிறேன்.
வயிற்றிலிருந்து வருவதை யோசிக்கவில்லை.

ஒன்பது திருகு. ஏழு கழன்றன,
இரண்டின் தலையை ரம்பத்தால் அறுத்தேன்.
உள்ளே தட்டினால்
சிப்பி மாதிரி செதில் செதிலாய்க் கரி.
கம்பிப் பிரஷ், பழைய கோணி, அரை வாளிக் கசடு.
துண்டுகளைத் தலைகீழாக்கினேன்:
இனி மேலே உள்ளது கீழே உள்ளதன் வாய்க்குள்.
மழைக்கு?
மழைக்குத்தான் இந்த டப்பா,
சூட்டுக்கு இளகாத சாம்பல் நிறப் பசை.
இடுக்கில் கண்ணாடி நூல் கயிற்றைச் சுற்றி
கேக்குக்கு கிரீம் வழிக்கிற அதே கத்தியால்
ஓரமெல்லாம் வழித்தேன்.
கை தானாகவே
ஒரு பூப் போடப் பார்த்தது.

ஒரு நாள் காயட்டும் என்கிறது டப்பா.
காலை நாலு மணிக்குப் பன் கேட்கும்
ஏழு டீக்கடைகளுக்கு
டப்பா பதில் சொல்லுமா?
ராத்திரி பத்துக்கு
முட்டை அட்டை, நாலு கொட்டாங்குச்சி,
குழந்தைக்குச் சோறூட்டுகிற அளவில் ஒரு தீ.

மெஹ்ராஜ் கொசுவர்த்தி கொளுத்திக் கொண்டுவந்தாள்.
அதை ஒவ்வொரு மூட்டிலும் நீட்டிப் பார்த்தோம்.
முதலாவதில் புகை நேராக ஏறியது.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில், ஏணியின் கடைசிப் படியில்
என் முழங்கால் மூட்டு முனகிக்கொண்டிருக்க,
அந்த நூல் மெல்ல வளைந்து
தகரத்துக்குள் போனது,
யாரோ உள்ளே இருந்து மூச்சு இழுப்பதுபோல்.

"அங்கதான் இருக்கு," என்றாள் கீழேயிருந்து.
தெரியும்.
இன்னும் ஒரு விரல் பசை.
இருட்டில் தடவி இறங்கினேன்.

மூன்றரைக்கு மாவு உருட்டும்போது
ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.
அதே கொடி, அதே இடம்.
அந்தச் சட்டையையே
திரும்ப நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள்.
நம்பிக்கையா, மிரட்டலா, தெரியவில்லை.
பெரிய கட்டையை எடுத்தவன்
வைத்துவிட்டு
சின்னதாக ஒன்றை எடுத்தேன்.